"அங்கீகாரம் இருக்குதுங்களா?": பி.எட். சேர்வதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டிய சில சொற்கள்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்றைக்கு ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன். "அங்கீகாரம்". அவ்வளவுதான் டாபிக். கேட்க போரடிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் உங்களில் யாராவது பி.எட். சேர யோசித்துக்கொண்டிருந்தால், அல்லது வீட்டில் தங்கச்சியோ அக்காவோ யோசித்துக்கொண்டிருந்தால், இந்த ஒரு வார்த்தை சரியாகப் புரியாததால் இரண்டு வருஷமும் கட்டின பணமும் வீணாகப் போக வாய்ப்பு இருக்கு. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க.

அட்மிஷன் சீசனில் சேலத்திலிருந்து நாமக்கல் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். மல்லூர் தாண்டி ஆண்டகளூர்கேட் வரைக்கும் ரோட்டோரமாகக் கல்லூரி பேனர்கள். எல்லாவற்றிலும் ஒரு வரி பொதுவாக இருக்கும்: "அரசு அங்கீகாரம் பெற்றது". இப்போது ராசிபுரம் பக்கம் ஒரு அப்பா, பி.எஸ்சி. முடித்த மகளுக்காக ஒரு கல்லூரிக்கு போன் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஏனுங்க, காலேஜுக்கு அங்கீகாரம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கய்யா, எல்லாமே இருக்குதுங்க."

அவருக்கு நிம்மதி. போனை வைத்துவிட்டார். அந்தப் பக்கம் பேசியவர் பொய் சொன்னாரா? சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றையும் மூன்று வெவ்வேறு அமைப்புகள் பார்க்கின்றன. தமிழில் நாம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே வார்த்தையைப் போட்டு வைத்திருக்கிறோம். மூன்றில் ஏதோ ஒன்று கையில் இருந்தாலும் "இருக்குதுங்க" என்று சொல்லிவிடலாம்.

இதை நம்ம ஊர்ப் பின்னணியில் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கு. நாமக்கல் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல் என்றால் முட்டை, லாரி. அதற்கு அடுத்தபடியாக, ஹாஸ்டலோடு இருக்கும் தனியார் பள்ளிகள். பிளஸ் டூ மார்க்குக்காகத் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட காலம் ஒன்று இருந்தது. "பிராய்லர் பள்ளி" என்று கிண்டல் செய்ததும் இந்த ஊர்களை வைத்துத்தான். இத்தனை பள்ளி இருந்தால் ஆசிரியர்கள் வேண்டும். ஆசிரியர்கள் வேண்டும் என்றால் பி.எட். வேண்டும். குமாரபாளையத்தில் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கு. சேலம் உத்தமசோழபுரத்தில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், நாம் டயட் என்று சொல்வது, இருக்கு. மற்றபடி பெரும்பாலான இடங்கள் சுயநிதிக் கல்லூரிகளில்தான். அங்கே சேரும்போது விசாரிக்கிற பொறுப்பு முழுக்க நம்ம தலையில் வந்து விழுகிறது.

சரி, முதல் சொல்லுக்கு வரலாம்.

ஒன்று: அங்கீகாரம்

சட்டத்தின் கண்ணில் "அங்கீகாரம்" என்றால் ஒரே அர்த்தம்தான். என்.சி.டி.இ. கொடுப்பது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். 1973லிருந்தே இப்படி ஒரு அமைப்பு இருந்தது. ஆனால் அப்போது அது அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழு மட்டும்தான். யாரையும் தடுக்கிற அதிகாரம் கிடையாது. 1993இல் தனிச் சட்டம் வந்தது. 1995 ஆகஸ்டில் சட்டபூர்வ அமைப்பாகச் செயல்படத் தொடங்கியது. அதன் பிறகு, இந்த அமைப்பின் அங்கீகார ஆணை இல்லாமல் யாரும் ஆசிரியர் பயிற்சிப் படிப்பு நடத்த முடியாது.

இந்த அங்கீகாரம் எதைக் கேட்கிறது? "இந்தப் படிப்பை நடத்த உனக்குத் தகுதி இருக்கா?" நிலம், கட்டடம், நூலகம், ஆய்வகம், ஆசிரியர் எண்ணிக்கை. வாசல் கதவு மாதிரி. உள்ளே வரலாமா கூடாதா, அவ்வளவுதான் கேள்வி.

இங்கே மூன்று நுணுக்கம் இருக்கு. மூன்றும் முக்கியம்.

முதலாவது, அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. படிப்புக்குத் தனித்தனியாகக் கிடைக்கிறது. பி.எட்.டுக்கு வாங்கியிருக்கும் கல்லூரி எம்.எட். ஆரம்பிக்க வேண்டுமென்றால் அதற்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி ஆணை. அதனால் "எங்க காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கு" என்பது பாதிப் பதில். எந்தப் படிப்புக்கு?

இரண்டாவது, எத்தனை பேருக்கு? 2014 விதிமுறைகளின்படி 50 மாணவர்கள் ஒரு யூனிட். இரண்டு யூனிட் என்றால் வருஷத்துக்கு 100 பேர். ஒரு யூனிட்டுக்கு மட்டும் அனுமதி வாங்கிய கல்லூரியில் 51ஆவதாக ஒருவர் சேர்ந்தால், அவருக்கும் அதே வகுப்பறை, அதே ஃபீஸ்தான். ஆனால் அந்த ஆணை அவருக்காகப் போடப்பட்டது கிடையாது.

மூன்றாவது, "விருப்பக் கடிதம்" என்று ஒன்று உண்டு. எல்.ஓ.ஐ. என்பார்கள். கல்லூரி விண்ணப்பித்து, பார்வைக் குழு வந்து பார்த்து, ஓரளவு திருப்தியானால் "ஆசிரியர்களை நியமித்துவிட்டு வாருங்கள், பிறகு ஆணை தருகிறோம்" என்று கொடுக்கும் கடிதம் அது. கல்யாணத்தில் தட்டு மாற்றிக்கொண்ட மாதிரி. தாலி இன்னும் கட்டவில்லை. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மாணவர்களைச் சேர்க்க முடியாது. இறுதி ஆணை வேண்டும். அந்த ஆணைக்கு எண்ணும் தேதியும் இருக்கும்.

இதெல்லாம் ஏதோ கல்லூரிக்கும் டெல்லிக்கும் நடுவில் நடக்கும் பேப்பர் விவகாரம் என்று தோன்றலாம். ஆனால் அடி விழுவது மாணவர் மேல். அந்த 1993 சட்டத்தின் 17ஆவது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்க. அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்ற ஆணை நடைமுறைக்கு வந்த பிறகும் ஒரு நிறுவனம் படிப்பை நடத்தினால், அங்கே வாங்கிய தகுதி அரசு வேலைக்கும், அரசு உதவிபெறும் பள்ளி வேலைக்கும் செல்லாது. படித்தீர்களா, பாஸானீர்களா, நல்ல மார்க்கா என்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

அதே பிரிவில் ஒரு பாதுகாப்பும் இருக்கு. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தேவையில்லாத பயம் வரும். அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றால், அந்த ஆணை மறுநாளே அமலுக்கு வருவதில்லை. ஆணை கைக்கு வந்த தேதிக்கு அடுத்த கல்வியாண்டு முடியும்போதுதான் நடைமுறைக்கு வரும். நடுவில் படித்துக்கொண்டிருப்பவர்கள் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. கல்லூரி மேல்முறையீடும் செய்யலாம். அதனால் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டைப் பார்த்ததும் டி.சி. வாங்க ஓட வேண்டாம். ஆணையின் தேதி என்ன என்று கேளுங்க.

திரும்பப் பெறுவது ஏதோ அபூர்வமாக நடப்பது என்றும் நினைக்க வேண்டாம். கல்லூரிகள் தங்கள் செயல்பாட்டு அறிக்கையை ஆன்லைனில் தாக்கல் செய்ய வேண்டும் என்று சமீபத்தில் என்.சி.டி.இ. கட்டாயமாக்கியது. 2025இல், தாக்கல் செய்யாத நிறுவனங்கள் மேல் நாடு முழுக்க நடவடிக்கை எடுத்தது. போன வருஷம் பட்டியலில் இருந்த பெயர் இந்த வருஷமும் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு: இணைவு

வாசலைத் தாண்டி உள்ளே வந்தாச்சு. இப்போது பட்டத்தில் யார் பெயர் இருக்கும்? கல்லூரியின் பெயரா? கிடையாது. பல்கலைக்கழகத்தின் பெயர். அந்தப் பல்கலைக்கழகத்தோடு கல்லூரிக்கு உள்ள உறவுதான் இணைவு.

நம்ம பகுதியில் முன்பு பி.எட். கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1997இல் சேலத்தில் தொடங்கி, சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் அது. 2008இல் தமிழக அரசு தனிச் சட்டம் போட்டு, ஆசிரியர் கல்விக்கு மட்டும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தைச் சென்னையில் அமைத்தது. மாநிலத்தில் உள்ள கல்வியியல் கல்லூரிகள் அதன் கீழ் போயின. அதனால்தான் 2008க்கு முன் படித்த உங்க டீச்சருடைய சான்றிதழில் ஒரு பெயரும், இப்போது படிக்கிறவர்கள் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருக்கும். இரண்டுமே செல்லும்.

பாடத்திட்டம் போடுவது, பரீட்சை வைப்பது, பட்டம் கொடுப்பது எல்லாம் பல்கலைக்கழகம். இங்கே வரிசை ரொம்ப முக்கியம். முதலில் அங்கீகாரம், பிறகுதான் இணைவு. அங்கீகாரம் இல்லாத கல்லூரிக்கு இணைவு கொடுக்கவோ பரீட்சை வைக்கவோ கூடாது என்று என்.சி.டி.இ. சட்டத்தின் 16ஆவது பிரிவே சொல்கிறது. ஒன்று இருந்து இன்னொன்று இல்லாவிட்டால் என்ன ஆகும்? அங்கீகாரம் மட்டும் இருந்தால், வகுப்பு நடக்கும், ஹால் டிக்கெட் வராது.

மூன்று: தரச்சான்று

இதுதான் "நாக்". தேசிய தர மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு. பெயரைப் பாருங்க. இதிலும் "அங்கீகாரம்" வந்துவிட்டது! குழப்பத்தின் வேரே இங்கேதான். ஆங்கிலத்தில் இரண்டு தனித்தனிச் சொற்கள். தமிழ்ப்படுத்தும்போது இரண்டும் ஒரே பானையில் விழுந்துவிட்டன. அதனால் நான் இந்த எபிசோடில் இதைத் தரச்சான்று என்றே சொல்கிறேன்.

நாக் 1994இல் பல்கலைக்கழக மானியக் குழு பெங்களூருவில் அமைத்தது. இது கேட்கிற கேள்வி வேறு. "நடத்தலாமா?" என்று கேட்பதில்லை. "எவ்வளவு நன்றாக நடத்துகிறாய்?" என்று கேட்கிறது. ஏழு அளவுகோல்கள்: பாடத்திட்டம், கற்பித்தலும் மதிப்பீடும், ஆராய்ச்சியும் விரிவாக்கப் பணியும், கட்டமைப்பு, மாணவர் ஆதரவு, நிர்வாகம், நிறுவனத்தின் விழுமியங்கள். கல்லூரி முதலில் தன்னைப் பற்றித் தானே ஒரு சுய ஆய்வு அறிக்கை எழுத வேண்டும். அதில் உள்ள தரவுகளைச் சரிபார்ப்பார்கள். பிறகு வேறு நிறுவனங்களைச் சேர்ந்த பேராசிரியர்கள் குழுவாக வந்து பார்ப்பார்கள். கடைசியில் 4க்கு இத்தனை என்று புள்ளி. 3.51க்கு மேல் ஏ++, அங்கிருந்து இறங்கி இறங்கி சி வரை. 1.50க்குக் கீழே போனால் டி; தரச்சான்று இல்லை என்று அர்த்தம். சான்று பொதுவாக ஐந்து வருஷத்துக்குச் செல்லும். இந்த எழுத்து கிரேடுகளையே எடுத்துவிட்டு, "சான்று உண்டு, இல்லை" என்ற இரண்டே நிலைக்கு மாற்றும் திட்டத்தை 2024இல் அறிவித்தார்கள்.

பேனரில் "நாக் ஏ கிரேடு" என்று பார்த்தால் இரண்டு விஷயம் கேளுங்க. எந்த வருஷம் வாங்கியது? எதற்கு வாங்கியது? ஏனென்றால் நாக் பார்ப்பது நிறுவனத்தை, தனிப் படிப்பை இல்லை. ஒரே டிரஸ்ட், ஒரே காம்பவுண்டு, ஒரே ஆர்ச். உள்ளே கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பி.எட். கல்லூரி. கலைக் கல்லூரி வாங்கிய ஏ கிரேடு ஆர்ச்சின் மேல் ஜொலிக்கும். பக்கத்துக் கட்டடத்து பி.எட். கல்லூரி நாக்குக்கு விண்ணப்பமே போட்டிருக்காது. பேனரில் பொய் எதுவும் இல்லை. நாம்தான் சேர்த்துப் படித்துக்கொள்கிறோம்.

அதே சமயம், நாக் இல்லாததாலேயே கல்லூரி மோசம் என்றும் சொல்ல முடியாது. இரண்டு பேட்ச் வெளியே வந்திருக்க வேண்டும் அல்லது ஆறு வருஷம் ஆகியிருக்க வேண்டும், அப்போதுதான் பொதுவாக விண்ணப்பிக்கவே முடியும். புதுக் கல்லூரிக்கு அது இருக்காது.

இன்னொரு விஷயமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு நிறுவனத்துக்கு ஏ++ கொடுப்பதற்காக லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவின் தலைவர், உறுப்பினர்கள் உட்பட 10 பேரை சி.பி.ஐ. கைது செய்தது. அது பி.எட். சம்பந்தப்பட்ட வழக்கு கிடையாது. ஆனாலும் கிரேடு என்பது மனிதர்கள் வந்து பார்த்துப் போடுவது என்பதை ஞாபகப்படுத்துகிறது. கிரேடை ஒரு தகவலாக எடுத்துக்குங்க. தீர்ப்பாக எடுத்துக்க வேண்டாம்.

பட்டத்துக்குப் பிறகு வரும் மூன்று சொற்கள்

பட்டம் வாங்கியாச்சு. இனிமேல்தான் அரசு வேலைக்குப் போகிறவர்கள் கேள்விப்படும் சொற்கள்.

"இணைத்தன்மை". இது இணைவு மாதிரியே காதில் விழும், ஆனால் வேறு. நீங்கள் படித்த பட்டத்தின் பெயர் வேலை விளம்பரத்தில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், இரண்டும் சமம்தான் என்று அரசாணை இருக்க வேண்டும். பி.எட். சரியாக இருந்தாலும் அடிப்படைப் பட்டத்தில் சிக்கும். கல்லூரிகள் புதுசு புதுசாகப் பெயர் வைத்து நடத்தும் பி.எஸ்சி., எம்.எஸ்சி. படித்தவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் இதனால் தவிப்பதுண்டு. பி.எட். விண்ணப்பம் போடும் முன்பே உங்க மேஜருக்கு இதைப் பார்த்துவிடுங்க.

"உண்மைத்தன்மை". வேலையில் சேர்ந்த பிறகு, உங்க சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பி "இது நீங்க கொடுத்ததுதானா?" என்று கேட்டு வாங்குவது.

"தகுதித் தேர்வு". டெட். குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 2010 ஆகஸ்டில் என்.சி.டி.இ. வெளியிட்ட அறிவிக்கையின் மூலம் வந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த பட்டத்தோடு இதிலும் தேற வேண்டும். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்களும் இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டும் என்றது. இதே வரிசையில் இன்னொரு தீர்ப்பும் முக்கியம். 2023 ஆகஸ்டில், பி.எட். பட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான ஆசிரியர் பணிக்குத் தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்த ஆசைப்படுகிறவர்கள் டிப்ளமோ பக்கம் பார்க்க வேண்டும். எவ்வளவு நல்ல கல்லூரியில் பி.எட். படித்தாலும் இதை மாற்ற முடியாது.

எல்லாச் சொல்லும் சரி. பாடம் நடத்தத் தெரியுமா?

இதுவரை சொன்னது எல்லாம் காகிதம். இனி நான் உண்மையில் பேச வந்ததற்கு வருகிறேன்.

விதிப்படி பி.எட். இரண்டு வருஷப் படிப்பு. 2015-16லிருந்து அப்படி மாறியது. வருஷத்துக்குப் பரீட்சை நாள் போக 200 வேலை நாட்கள். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை. பள்ளியில் செலவழிக்க வேண்டியது மொத்தம் 20 வாரம். 100 பேர் சேர்க்கும் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 16 முழுநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும். காகிதத்தில் இது நல்ல படிப்பு.

ஆனால் நம்ம ஊரில் பி.எட். பற்றிப் பேசினால் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "ரெகுலரா, இல்ல வர வேண்டாமா?" ஒரு டிகிரிக்கு விசாரிக்கிறோம், முதல் கேள்வியே "கிளாஸுக்கு வராம முடிக்க முடியுமா" என்பது. மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளப் போகிறவன் "பட்டறைக்கு வராம கத்துக்க முடியுமா"ன்னு கேட்டால் சிரிப்போம். இங்கே சிரிப்பதில்லை. பதிலும் ரேட்டோடு வருகிறது.

இது நம்ம பகுதிக்கு மட்டும் உள்ள வியாதி கிடையாது. மகாராஷ்டிராவில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் அங்கீகாரம் பற்றி நடந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2011இல் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் ஒரு ஆணையம் அமைத்தது. 2012இல் அறிக்கை வந்தது. அதை மேற்கோள் காட்டித்தான் 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது: நாட்டில் 10,000க்கும் மேற்பட்ட தனித்த ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை உண்மையான ஆசிரியர் கல்விக்கு முயற்சிகூடச் செய்யவில்லை, விலைக்குப் பட்டம் விற்கின்றன. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளோடு உங்களுக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம், எனக்கும் உண்டு. இந்த ஒரு வரியை மறுப்பது கஷ்டம். இன்னொன்றையும் கவனிங்க. அந்த நிறுவனங்களில் பெரும்பாலானவற்றிடம் ஆணை இருந்தது, இணைவு இருந்தது. வாசல் கதவைத் திறந்துவிட்டவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

வெளிநாட்டில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? அமெரிக்காவில் கேப் என்று ஒரு அமைப்பு இருக்கு. ஏற்கெனவே இருந்த இரண்டு அமைப்புகள் சேர்ந்து, 2013லிருந்து முழுமையாக இயங்குகிறது. ஆசிரியர் பயிற்சிக்கு மட்டுமே தரச்சான்று கொடுக்கும் அமைப்பு. அங்கேயும் மாநில அரசின் அனுமதி தனி, தரச்சான்று தனி. அவர்களுடைய சொற்களில் இரண்டு எனக்குப் பிடிக்கும். பயிற்சியில் இருப்பவருக்கு ஒரு பெயர், முடித்து வெளியே போனவருக்கு ஒரு பெயர். ஏன் இரண்டு பெயர்? முடித்துப் போனவரையும் பின்தொடர்ந்து கேட்க வேண்டும் என்பதற்காக. அவர் நடத்தும் வகுப்பில் பிள்ளைகள் கற்கிறார்களா? வேலைக்கு எடுத்த பள்ளி திருப்தியாக இருக்கிறதா? "நான் படித்தது வகுப்பறையில் உதவியது" என்று அவரே சொல்கிறாரா? இதற்கெல்லாம் ஆதாரம் காட்டு என்கிறது அந்த அமைப்பு. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பயிற்றுநர்களுக்கு இது பெரிய காகிதச் சுமை என்ற புகாரும் அங்கே உண்டு. ஆனால் கேட்கிற கேள்வி சரியான கேள்வி.

நம்ம ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கல்லூரி வாசலில் ஆள் இல்லை. டெட்டுக்கு வந்து உட்காரும்போதுதான் முதல்முறையாகத் தெரிகிறது. அப்போது பழி முழுக்க அந்தப் பிள்ளை மேல். "படிக்கல" என்று. இரண்டு வருஷம் ஃபீஸ் வாங்கிய இடத்தை யாரும் கேட்பதில்லை.

அந்த 20 வாரப் பள்ளிப் பயிற்சியை எடுத்துக்குங்க. என்னைக் கேட்டால் பி.எட்.டின் உயிரே அதுதான். ஒரு அரசுப் பள்ளியில், அனுபவமுள்ள ஒரு டீச்சர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்து, பாதி வகுப்புக்குப் புரியாமல், மறுநாள் வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிற வாய்ப்பு அது. அதையே "ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுத்துட்டா போதும்" என்று முடித்துவிட்டால், முதல் நாள் வேலைக்குப் போகும்போது அந்த வகுப்புதான் உங்க பயிற்சிக்கூடம். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் திரும்ப வராது. மேச்சேரியிலோ எருமப்பட்டியிலோ ஒரு பெண் குழந்தை கணக்கு என்றாலே பயந்து ஒதுங்குவதற்கு இப்படி ஒரு வருஷம் போதும்.

போனில் என்ன கேட்கலாம்?

சரி, அந்த ராசிபுரத்து அப்பா மறுபடி போன் போடுகிறார். இந்தத் தடவை என்ன கேட்கலாம்? ஐந்தே கேள்வி. எழுதி வச்சுக்குங்க.

ஒன்று. "பி.எட்.டுக்கான என்.சி.டி.இ. ஆணை எண் என்னங்க? எத்தனை சீட்டுக்கு?" அந்த ஆணையைக் கல்லூரி தன் இணையதளத்திலேயே போட்டிருக்க வேண்டும். அதோடு நிறுத்தாமல் என்.சி.டி.இ. தளத்தில் உள்ள பட்டியலிலும் பெயர் இருக்கா என்று பாருங்க.

இரண்டு. "இந்தக் கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக இணைவு இருக்குங்களா?" பல்கலைக்கழகத் தளத்திலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று. "நாக் இருக்கா? பி.எட். கல்லூரிக்கா, பக்கத்துக் காலேஜுக்கா? எந்த வருஷம் வரை?" அங்கீகாரம் கிடைத்த ஐந்து வருஷத்துக்குள் தரச்சான்று வாங்க வேண்டும் என்று 2014 விதிமுறை சொல்கிறது. பத்து, பதினைந்து வருஷமாக நடக்கும் கல்லூரியில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நான்கு. "கணக்குக் கற்பித்தல் நடத்துறது யாருங்க?" உங்க மேஜர் எதுவோ அதைக் கேளுங்க. ஆசிரியர் பட்டியலைப் போட்டோவோடு தளத்தில் வைக்க வேண்டும் என்பதும் விதி. பட்டியலைப் பார்த்துவிட்டு ஒருநாள் நேரில் போங்க. போட்டோவில் இருப்பவர் கட்டடத்தில் இருக்கிறாரா என்று பாருங்க. ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டிய விவகாரம் 2024இல் பொறியியல் கல்லூரிகளில் வெடித்தது ஞாபகம் இருக்கும்.

ஐந்து. "பள்ளிப் பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவீங்க? போன வருஷம் போன ஒருத்தர்கிட்ட பேச முடியுங்களா?" என் அனுபவத்தில் உண்மை சீக்கிரம் வெளியே வருவது இந்தக் கேள்வியில்தான். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க" என்று பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

ஆறாவது கேள்வி ஒன்று இருக்கு. அது கல்லூரியைப் பார்த்துக் கேட்பது கிடையாது. வேலையில் இருந்துகொண்டே படிக்கிற கஷ்டம், கைக்குழந்தையோடு தினமும் இரண்டு பஸ் மாறுகிற கஷ்டம், வீட்டில் காசு இல்லாத கஷ்டம், எல்லாம் உண்மை. "வர வேண்டாம்" என்று சொல்லும் கல்லூரி அந்தக் கஷ்டத்தைத்தான் காசாக்குகிறது. நேரில் போக வழியே இல்லாதவர்கள், முறையான அனுமதியுள்ள தொலைநிலைப் படிப்பு தங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்கலாம். அதற்கெனத் தனித் தகுதிகள் உண்டு. ஆனால் ரெகுலர் என்று பெயர் போட்டு, வராமலே வருகைப் பதிவு வாங்கும் ஏற்பாட்டில் கையெழுத்துப் போடும் முன், நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளையை அப்படிப் படித்த ஒருவரின் வகுப்பில் உட்கார வைப்போமா என்று மட்டும் கேட்டுக்கலாம்.

இந்த எபிசோடை அட்மிஷனுக்கு அலைந்துகொண்டிருக்கும் யாருக்காவது அனுப்புங்க. பி.எட். படித்துக்கொண்டிருப்பவர்கள், முடித்தவர்கள், உங்க பள்ளிப் பயிற்சி எப்படிப் போனது என்று எழுதுங்க. நல்லபடியாகப் போயிருந்தால் அதை இன்னும் விரிவாக எழுதுங்க. எந்தப் பள்ளி, எந்த மாதிரி டீச்சர், என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று. அடுத்து வருகிறவர்களுக்கு பேனரைவிட அது உதவும்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.